இதயத்தின் நுனியில் ஒரு கருப்புக் குமிழ்

மனித உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று கோயம்புத்தூர் ஜில்லாவில் உண்மையாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் டாக்டர் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருவார். அவருக்கு ரிஜிஸ்டரில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பேட்டர்ன்காரர். நான்தான் டாக்டர். உடற்கூறியல் துறையில் டெமான்ஸ்டிரேட்டர். முதல் வரியில் எழுதியதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐம்பது வருஷம் பிடித்திருக்கிறது. வாசகர்கள் அதற்காகவாவது என்னைக் கொஞ்சம் மதிக்க வேண்டும்.

அவர் வருவதற்கு முன் நான் எப்பேர்ப்பட்டவனாக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. எனக்கு இரண்டு கையாலும் வரைய வரும். வலது கையில் சிவப்பு சாக்பீஸ், இடது கையில் நீல சாக்பீஸ். வலது கை தமனியைப் போட்டுக்கொண்டு போகும்போதே இடது கை சிரையைப் போட்டுக்கொண்டு கூடவே போகும். முழங்கையில் இரண்டும் ஒன்றாகத் திரும்பும். புதன்கிழமை என் வகுப்பென்றால் முதல் பெஞ்சுக்கு அடிதடி நடக்கும். ஒருமுறை நான் போட்ட கழுத்துப் படத்தை அழிக்க மனசு வராமல் அட்டெண்டர் மூன்று நாள் அப்படியே விட்டுவைத்தார். அடுத்த வகுப்புக்காரர் ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் பாடம் நடத்திவிட்டுப் போனார்.

வகுப்பில் முதலாவதாக வருகிறவள் சரஸ்வதி. கொடுமுடிப் பெண். அதிகம் பேச மாட்டாள். என் படங்களை ஒன்றுவிடாமல் நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். அந்த நோட்டைப் பார்க்கிற அன்றைக்கெல்லாம் வீட்டில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிடுவேன்.

அறுபதுகளின் பிற்பாதி அது. கல்லூரி புதுசு. சுவரில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. பாடம் நடத்த உடல்கள் போதவில்லை. ஒரு மேஜையைச் சுற்றிப் பதினாறு பேர் நிற்பார்கள். ஒரே இதயம் கைமாறிக் கைமாறிப் பதினாறாவது ஆளிடம் வரும்போது அது இதயமா கிழிந்த மணிபர்ஸா என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு மாடல்கள் கேட்டு எழுதிப் போட்டோம். மாடலுக்குப் பதிலாக, பூர்த்தி செய்து அனுப்பச் சொல்லி இன்னொரு படிவம் வந்தது.

எங்கள் புரொபசர் சென்னைக்காரர். சிரிக்கவே மாட்டார். அவர் ஒரு கல்யாண வீட்டில் பம்பு கம்பெனி முதலாளி ஒருவரிடம் இந்தக் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார். முதலாளி, "மரத்துல உருவந்தானுங்களே வேணும்? எங்கட்ட ஒருத்தரு இருக்காருங்க. ஆறு மாசம் வச்சுக்குங்க," என்று தன் பட்டறை ஆளை இரவல் கொடுத்துவிட்டார்.

பேட்டர்ன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பில் எதை வார்க்க வேண்டுமோ அதை முதலில் மரத்தில் செய்வார்கள். அதை மண்ணில் பதித்து எடுத்தால் குழி விழும். குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். கோயம்புத்தூரில் கிணற்றுக்கிணறு ஓடுகிற மோட்டார் பம்பு ஒவ்வொன்றும் முதலில் யாரோ ஒரு பேட்டர்ன்காரர் கையில் தேக்குக் கட்டையாகத்தான் இருந்திருக்கும்.

நம்மவர் வந்து இறங்கினார். காதில் பென்சில், பையில் மடக்கு அடிக்கோல், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். உடல்கள் கிடக்கும் கூடத்துக்குள் முதன்முதலாக நுழைகிறவர்களுக்குத் தலை சுற்றும். ஒருவர் தாங்கிப் பிடிக்கத் தயாராக நிற்பது வழக்கம். அன்றைக்கு நான் நின்றேன். கொஞ்சம் ஆசையோடுதான் நின்றேன். அவர் விழவில்லை. திறந்து கிடந்த வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு அடிக்கோலை எடுத்தார்.

"ஏனுங்க டாக்டரய்யா, பித்தக் குழாயும் இந்தக் கணையத்துக் குழாயும் ஒரே வாயில கொண்டாந்து உட்டிருக்குதுங்களே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கல்லு ஒண்ணு அடைச்சா ரெண்டுமே நின்னுபோகுமுங்களே. தனித்தனியா வச்சிருக்கோணும். ட்ராயிங் போட்டவரு அவசரத்துல போட்டிருக்காருங்க."

அப்படி அடைத்துத்தான் ஊரில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அதை நான் இரண்டாம் வருஷத்தில் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். இவர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்த இரண்டாவது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்கள். அவர் முதலில் செய்தது இதயம். நாம் இதயம் வரைந்தால் சுவரை வரைவோம். அவர் சுவரைத் தொடவே இல்லை. நாலு நாள் உட்கார்ந்து, அறைகளுக்குள் இருக்கும் காலியிடத்தை மரத்தில் கெட்டியாகச் செய்தார். பம்புக்குள் காலியாக இருக்க வேண்டிய இடத்துக்கு அப்படி ஒரு கெட்டி உருவம் செய்து நடுவில் வைப்பது அவர்கள் தொழில். கோர் என்பார்கள்.

"டாக்டரய்யா, ரத்தம் நிக்கறது சுவத்துலயாங்க, காலியிலயாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"காலியிடத்துலதான்."

"அப்பறம் நீங்க சுவத்தயே போட்டுக் காட்டிக்கிட்டிருந்தா பசங்களுக்கு எப்படீங்க வெளங்கும்?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குத்தலாகக் கேட்டிருந்தாலாவது அன்று இரவு தூங்கியிருப்பேன்.

பிறகு வெளிச்சுவரையும் செய்து முடித்தார். இதயம் இரண்டு பாதியாகத் திறக்கும். உள்ளே நாலு அறைகளின் காலியிடமும் நாலு மரத்துண்டாக எடுக்க வரும். மாணவர்கள் அவற்றைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்கள். இடது கீழறையின் காலியிடத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன், "இவ்வளவுதானுங்களா!" என்றான். புரொபசர் சிரித்தார். அவருக்கு முன்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்தது அந்த நரம்பு விவகாரம். குரல்வளைக்குப் போகிற நரம்பு ஒன்று உண்டு. மண்டையிலிருந்து இறங்கி, குரல்வளையைத் தாண்டி, நெஞ்சுக்குள் போய், அங்கே பெரிய தமனியை ஒரு சுற்று சுற்றி, மறுபடி ஏறிக் குரல்வளைக்கு வரும். இதை நான் ஐந்து கலரில் இரண்டு வகுப்பு நடத்தியிருந்தேன். ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. இவர் கொட்டகையில் மரக் கழுத்தின்மேல் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"பாருங்க கண்ணு, காந்திபுரத்துல ஏறி டவுன்ஹால்ல எறங்கோணும் இவன். எறங்காம போத்தனூர் ஸ்டேசன் வரைக்கும் போயி, ஒரு சுத்து சுத்திப்போட்டுத் திரும்பி வாரான். இவனுக்கு வழி சொன்னவன் யாருன்னு தெரியலீங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மாணவனும் அந்த நரம்பை மறக்கவில்லை. டெஸ்ட் பேப்பரில் ஒருத்தன் 'போத்தனூர் நரம்பு' என்றே எழுதிவிட்டான். போகிற வழி முழுக்கச் சரியாக எழுதியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு மார்க் போட்டேன்.

புதன்கிழமை வகுப்பு காற்று வாங்க ஆரம்பித்தது. வருகைப் பதிவுக்காக வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் நான் சர்க்கஸ் மாதிரி வரைந்தேன். ஒரு புதன்கிழமை சரஸ்வதியின் இடம் காலியாக இருந்தது. அன்று என் இடது கை தமனியை நீலத்தில் போட்டுவிட்டது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. பேட்டர்ன்காரரைப் பற்றி ஒரு வாரம் குறை சொன்னேன். என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்த மர இதயத்த நாங்கெல்லாம் வந்து பாக்கலாமுங்களா?"

"எதுக்கு?"

"இல்லீங்க, நீங்க இத்தன நாளா பேசறதப் பாத்தா ரொம்ப நல்லா இருக்கும்போல இருக்குது."

நான் மோருக்குக் காத்திராமல் எழுந்துவிட்டேன்.

பொறாமைக்காரனுக்கு ஆயுதம் வேண்டும். எனக்கு ஒரு காலிப்பர் கிடைத்தது. அதை வைத்து ரகசியமாக அளந்து பார்த்தேன். அவர் செய்த எல்லா உறுப்பும் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஈரலிலிருந்து சிறுநீரகம் வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. துள்ளிக் குதித்துக்கொண்டு புரொபசரைக் கொட்டகைக்கே கூட்டிப்போனேன்.

"என்னய்யா, எல்லாம் அளவு கூட இருக்காமே?" என்றார் புரொபசர்.

"ஆமாங்கய்யா. ஆறுனா சுருங்குமுங்களே."

"எது ஆறினா?"

"வார்ப்புங்க. இரும்பு ஆறுனா சுருங்கும். அதுக்குத்தான் எங்க அடிக்கோல்ல ஒவ்வொரு அடியும் ஒரு நூல் அளவு கூடவே இருக்கும்."

நான் குறுக்கே பாய்ந்தேன். "யாருங்க இதை இரும்பில் வார்க்கப் போறாங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாளைக்கு நீங்க வார்க்கோணும்னு வந்து நின்னா, நான் புதுசா செஞ்சுக்கிட்டிருக்க முடியுங்களா?"

புரொபசர் யோசித்துவிட்டு, "பின்னால் நிற்கிற பசங்களுக்கும் தெரியும். இருக்கட்டும்," என்று சொல்லி நடந்துவிட்டார். காலிப்பரும் நானும் அங்கேயே நின்றோம்.

இனிமேல் சொல்லப்போவது எனக்குப் பெருமையான சமாசாரம் இல்லை.

இதயத்தின் கீழ்நுனியில் ஒரு கருப்புக் குமிழ் இருந்தது. அரை அங்குலம், வழவழப்பாக. நிஜ இதயத்தில் அப்படி எதுவும் கிடையாது. உள்ளே வைக்கும் கோர் ஆடாமல் உட்கார அவர்கள் தொழிலில் அப்படி ஒரு முளை வைப்பார்கள். அதற்குக் கருப்பு வர்ணம் அடிப்பார்கள். கருப்பு என்றால் அது பொருளில் சேர்த்தியில்லை என்று பட்டறையில் மண் மிதிக்கிறவர்வரை எல்லாருக்கும் தெரியும். அது தெரியாதவர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் கொட்டகைக்குப் போனேன். சரஸ்வதி இதயத்தைக் கையில் வைத்துக் கண்ணை மூடித் தடவிக்கொண்டிருந்தாள். "நுனியில ஒரு கருப்புக் குமிழ், அரை அங்குலம்," என்று முணுமுணுத்தபடி நோட்டில் எழுதினாள். என் படங்கள் இருந்த அதே நோட்டு. அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்வதுதான் என் வேலை. சொல்லவில்லை. பரீட்சைக்கு வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருவார், மாடலை எடுத்துப் பார்ப்பார், இது என்ன கண்றாவி என்று கேட்பார், பேட்டர்ன்காரர் எல்லார் முன்னாலும் முழிப்பார், புதன்கிழமை எனக்குத் திரும்பி வந்துவிடும். என் கணக்கு இவ்வளவுதான். அந்தப் பெண் எப்படியும் நிஜ இதயத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பேட்டர்ன்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

பரீட்சை நாள். எக்ஸாமினர் வயதானவர். கோபக்காரர் என்று ஊர் ஊராகப் பெயர் வாங்கியவர். நீளமேஜையில் மாடல்கள், பக்கத்தில் தட்டுகளில் நிஜ உறுப்புகள். மாடல்களைத் திறந்து காட்டுவதற்காகப் பேட்டர்ன்காரர் சலவை வேட்டியில் நின்றிருந்தார். சரஸ்வதியின் முறை வந்தது.

"இதயத்தின் நுனியை வர்ணித்துச் சொல்லு," என்றார் எக்ஸாமினர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எந்த விலா எலும்புக்கு நடுவே, எத்தனை அங்குலம் தள்ளி என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில், "நுனியில கருப்பா ஒரு குமிழ் இருக்குமுங்க சார். அரை அங்குலம். வழவழப்பா," என்றாள்.

"என்ன இருக்கும்?"

"குமிழ் சார்."

எக்ஸாமினர் தட்டிலிருந்த நிஜ இதயத்தை அவளிடம் தள்ளினார். "காட்டு."

அவள் எடுத்துத் திருப்பினாள். விரலால் தடவினாள். மறுபக்கம் தடவினாள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"சார், இதுல யாரோ வெட்டி எடுத்துட்டாங்க சார்."

நான் இத்தனை நாள் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. ஆனால் அகப்பட்டுக்கொண்டது நான் நினைத்த ஆள் இல்லை. எக்ஸாமினர் பேனாவைத் திறந்து மார்க் தாளின் மேல் வைத்தார். "யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கொட்டகையைக் கை காட்டினால் தப்பித்துவிடலாம். காட்டவில்லை. புரொபசர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அந்த மாடலைப் பார்த்தீங்களா, இல்லையா?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நாக்குக்குப் போகிற நரம்பின் பெயர்கூட எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"ஏனுங்கய்யா," என்று ஒரு குரல் வந்தது. பேட்டர்ன்காரர் முன்னால் வந்து நின்றார். "அது நான் செஞ்ச தப்புங்க. டாக்டரய்யா பாத்த அன்னிக்கே சொல்லிப்போட்டாருங்க, அத அறுத்துப்போடுன்னு. நாந்தான் இன்னிக்கு நாளைக்குன்னு உட்டுப்போட்டேன். அம்மணி மேல தப்பு இல்லீங்க. நான் செஞ்சத அப்படியே சொல்லுது, பாவம்."

எக்ஸாமினர் பேனாவை மூடாமலே அவரைப் பார்த்தார். "நீ யாரப்பா?"

"பம்பு செய்யறவனுங்க."

சொல்லிக்கொண்டே இதயத்தைத் திறந்து, குமிழ் எதற்கு என்று காட்டி, நாலு காலியிடத்தையும் எடுத்து மேஜையில் வைத்தார். எக்ஸாமினர் ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். மற்ற மாணவர்கள் வெளியே வரிசையில் காத்திருக்க, அந்தக் கோபக்காரக் கிழவர் கால் மணி நேரம் அதை மாட்டிக் கழற்றி விளையாடினார். பிறகு நாலையும் சரஸ்வதியிடம் நகர்த்தி, "ரத்தம் எந்த வழியா போகும்? இதை வைத்துச் சொல்லு," என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தாள். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே மார்க் போட்டார்.

போகும்போது என் தோளைத் தட்டினார். "அன்றைக்கே எச்சரித்திருக்கிறீர்கள். நல்ல ஆசிரியர் நீங்கள்."

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பாராட்டைப்போல எதுவும் வலித்ததில்லை.

சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். அவர் இதயத்தை மடியில் வைத்து, சின்ன ரம்பத்தால் குமிழை அறுத்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்ககிட்ட எதுவும் சொல்லலீங்களே," என்றேன்.

"ஆமாங்க. சொல்லலீங்க."

"நான் பார்த்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு என்னையப் பாத்துச் சிரிச்சீங்களே. வந்த நாள்ல இருந்து ஒருநாளும் நீங்க சிரிச்சதில்லீங்க. என்னமோ தப்பாயிப்போச்சுன்னு அப்பவே நெனச்சேன். என்னன்னுதான் புடிபடல. இன்னிக்கு அந்த அம்மணி வாயால வந்தப்பத்தான் வெளங்குச்சுங்க."

"அப்புறம் ஏன் எனக்காகப் பொய் சொன்னீங்க?"

அவர் ரம்பத்தை நிறுத்தவில்லை. "நான் அடுத்த வாரம் பம்பு செய்யப் போயிருவேனுங்க. பசங்க உங்ககிட்டத்தானுங்களே படிச்சாகோணும்? வாத்தியார நம்பாமப் போச்சுன்னா அப்பறம் என்னத்தப் படிக்கறது?" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "புதங்கெழம வெளிய நின்னு நானும் பாப்பேனுங்க. ரெண்டு கையில போடறீங்களே, எனக்கு வயிறு எரியுமுங்க. எனக்கு ஒரு கையிலயே நேரா ஒரு கோடு வராது. அதனாலதான் மரத்துக்கு வந்துபோட்டேன்."

குமிழ் அறுந்து மரத்தூளில் விழுந்தது. அவர் நுனியை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நான் குனிந்து குமிழை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். "டீ சாப்பிடலாமுங்களா?" என்றுதான் வந்தது. சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் அவர் போய்விட்டார். அதற்கடுத்த புதன்கிழமை முதல் பெஞ்சில் சரஸ்வதி உட்கார்ந்திருந்தாள். நான் கரும்பலகை முழுக்க வெள்ளை சாக்பீஸைப் பூசி, இதயத்தின் நாலு காலியிடங்களை டஸ்டரால் துடைத்து எடுத்தேன். சுவரைப் பிறகுதான் போட்டேன். அது யார் காட்டிக்கொடுத்த வழி என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சரஸ்வதி வரைந்துகொண்டே சிரித்தாள்.

என் பழைய மாணவர்கள் இப்போது தலை நரைத்த டாக்டர்கள். வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பேட்டர்ன்காரர் ஞாபகம் இருக்குங்களா சார்?" என்பதுதான். இரண்டு கையாலும் வரைந்தவனின் வீட்டுக்கு வந்து, அவன் காப்பியைக் குடித்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? எனக்கு இன்றைக்கும் எரிகிறது. எரிச்சலோடு எழுந்துபோய் மேஜை இழுப்பறையிலிருந்து அந்தக் கருப்புக் குமிழை எடுத்து வந்து காட்டுவேன். வாங்கிப் பார்ப்பார்கள், கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார்கள். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தால் மட்டும் எனக்குப் பொறுக்காது, திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.